அசெம்பிள் செய்த கணினி முரண்டு பிடிக்கும்போது: அறிகுறி வழியே பிழை நீக்கம்

ஒரே நிறுவனத்திடம் முழுதாக வாங்கிய கணினி பழுதானால், பெட்டியோடு தூக்கிச் சென்று சேவை மையத்தில் ஒப்படைத்துவிடலாம். பாகம் பாகமாக வாங்கி நம் கையாலேயே அசெம்பிள் செய்த கணினிக்கு அந்த வசதி இல்லை. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மதர்போர்டுக்கு ஓர் உத்தரவாதம், தற்காலிக நினைவகமான ரேமுக்கு ஓர் உத்தரவாதம், மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வேறோர் உத்தரவாதம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருப்பதால், பழுதான பாகம் எது என்பதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு நம்மைச் சேர்கிறது. தவறாகக் கணித்து நல்ல பாகத்தை அனுப்பிவைத்தால், காத்திருந்து அதையே திரும்பப் பெறுவோம். கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே ஊகத்தின் பேரில் எதையும் வாங்காமல், அனுப்பாமல், அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பழுதை நோக்கி நடப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

பவர் பொத்தானை அழுத்தியதும் நடப்பவை எல்லாம் ஒரு வரிசைப்படி நடக்கின்றன. முதலில் எஸ்.எம்.பி.எஸ். இயங்கத் தொடங்கி, தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டவுடன் மதர்போர்டுக்கு ஒரு சைகை தருகிறது. இதற்கு அரை நொடிக்கு மேல் ஆவதில்லை. பிறகு பிராசஸர் விழிக்கிறது, மதர்போர்டில் பதிந்துள்ள தொடக்க மென்பொருளான பயாஸ் ரேமைத் தயார்செய்கிறது, திரைக்குப் படம் தரும் கிராபிக்ஸ் கார்டைக் கண்டறிகிறது, கடைசியாக இயங்குதளம் பதிந்துள்ள டிரைவைத் தேடுகிறது. இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்பதைத்தான் அறிகுறி நமக்குச் சொல்கிறது. அறுந்த கண்ணிக்கு அப்பால் உள்ள பாகங்களைச் சந்தேகிப்பதில் பயனில்லை. மின்விசிறியே சுழலாத கணினியில் டிரைவைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மதர்போர்டில் எஞ்சியிருக்கும் மின்சாரம் அதனால் வடிந்துவிடும். பாகங்களைத் தொடுமுன் பெட்டியின் பெயிண்ட் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் உறையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது. அதனுள் உள்ள பெரிய மின்தேக்கி, இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான அளவு மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும்.

இன்னொரு நெறியும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும்; செய்ததையும் அதன் விளைவையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ரேமை இடம் மாற்றி, கேபிளை மாற்றி, பயாஸையும் மாற்றிய பிறகு கணினி ஓடிவிட்டால் மகிழ்ச்சிதான். ஆனால் எது பழுது என்பது தெரியாமலே போய்விடும், அடுத்த மாதம் அதே கோளாறு திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை

சுவர் பிளக்கில் மின்சாரம் வருகிறதா, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்புறச் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா என்பவற்றை முதலில் பார்க்கவும். பல மதர்போர்டுகளில் மின்சாரம் வந்தவுடனேயே எரியும் சிறு விளக்கு ஒன்று இருக்கும். அது எரிந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் வரவேண்டிய 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வருகிறது என்று பொருள். அப்படியானால் சந்தேகம் பொத்தானை நோக்கித் திரும்ப வேண்டும். பெட்டியின் முன்புறப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரு கம்பிகள் மதர்போர்டின் ஓர் ஓரத்தில் உள்ள ஊசிகளில் மாட்டப்படுகின்றன. ஓர் ஊசி தள்ளி மாட்டிவிடுவது மிக எளிதில் நேரும் தவறு. கையேட்டைப் பார்த்துப் பவர் சுவிட்சுக்கு உரிய இரு ஊசிகளைக் கண்டுபிடித்து, கம்பியைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் முனையால் அந்த இரண்டையும் ஒரு கணம் இணைத்துத் தொடவும். கணினி ஓடத் தொடங்கினால் பழுது பொத்தானிலோ கம்பியிலோ இருக்கிறது. வேறு பெட்டி வாங்க வேண்டியதில்லை. ரீசெட் பொத்தானின் கம்பியை அந்த ஊசிகளில் மாட்டிக்கொண்டால் போதும்.

அதுவும் பயனளிக்காவிட்டால் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியே சோதிக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, எல்லாப் பாகங்களிலிருந்தும் அதன் கேபிள்களைக் கழற்றியபின், 24 பின் கனெக்டரில் பச்சைக் கம்பி வரும் 16ஆவது துளையையும் கறுப்புக் கம்பி வரும் ஏதாவது ஒரு துளையையும் வளைத்த உலோகக் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகே மின்சாரம் தர வேண்டும். கம்பிகள் எல்லாம் கறுப்பாகவே இருந்தால், கையேட்டின் படத்தைப் பார்த்துத் துளையை உறுதிசெய்யாமல் இதைச் செய்யக் கூடாது. மல்டிமீட்டர் இருந்தால் 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் அளவு காட்ட வேண்டும். 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கதன்று. குறைந்த சுமையில் தன் மின்விசிறியை நிறுத்தி வைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு, ஆகையால் விசிறி சுழலவில்லை என்பதை மட்டும் வைத்து அதைப் பழுது என்று தீர்மானிக்க வேண்டாம். அதே போல, சுமையில்லாத இந்தச் சோதனையில் தேறியது சுமை ஏறும்போதும் தேறும் என்பதற்கு உறுதியில்லை.

ஒரு நொடி சுழன்று நின்றுவிடுகிறது

விசிறிகள் ஒரு சுற்றுச் சுற்றி, 'டிக்' என்ற ஒலியுடன் நின்றுவிட்டால், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிட்டது என்று கொள்ளலாம். எங்கோ ஷார்ட் இருக்கிறது. புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் நான் முதலில் பார்க்கும் இடம் மதர்போர்டின் அடிப்பக்கம். ஒருமுறை இரண்டு நாள் தேடியும் காரணம் பிடிபடாத கணினியில், மதர்போர்டைத் திருகு நீக்கித் தூக்கிப் பார்த்தேன். துளையே இல்லாத இடத்துக்கு நேர் கீழே போர்டைத் தாங்கும் சிறு பித்தளைக் காலான ஸ்டாண்ட்ஆஃப் ஒன்று நின்றுகொண்டிருந்தது. முன்பு வேறு அளவு போர்டுக்காகப் பொருத்தியதை எடுக்க மறந்திருந்தேன். அதன் தலை பட்ட இடத்தில், போர்டின் பின்புறச் சால்டர் முனைகளுக்கு நடுவே, பொட்டு வைத்தாற்போல் ஒரு சிறு வட்டத் தழும்பு. அந்த ஸ்டாண்ட்ஆஃபைக் கழற்றியதும் கணினி ஓடியது. போர்டு பிழைத்தது நல்வாய்ப்பு; எல்லாப் போர்டும் அப்படிப் பிழைப்பதில்லை.

அடியில் ஏதும் இல்லையென்றால், மதர்போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றோடு மட்டும் ஓட்டிப் பார்க்கவும். நிலைமின் தடுப்பு உறையின் மேல் வைக்க வேண்டாம். அவ்வுறையின் வெளிப்பரப்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. வெளியே ஓடி, பெட்டிக்குள் ஓடவில்லையெனில் ஷார்ட் பெட்டியில் இருக்கிறது.

இங்கே கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. கழற்றி மாட்டும் கேபிள்கள் கொண்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றும்போது, பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகத் தோன்றும். பாகத்தின் பக்கமுள்ள முனைக்குப் பொதுவான தரம் உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கமுள்ள முனைக்கு அப்படி எதுவும் கிடையாது. துளையில் சரியாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில் 12 வோல்ட் வந்துவிடும். டிரைவுகள் அந்த நொடியிலேயே மாண்டுபோகும். பழைய கேபிள்களைப் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு சேர்த்தே கட்டி வைக்கவும்.

விசிறி சுழல்கிறது, திரையில் எதுவும் இல்லை

மிகப் பலரும் மாட்டிக்கொள்ளும் அறிகுறி இது. காரணங்களும் மிகப் பல. ஆகையால் பொறுமையாக, எளியதிலிருந்து கடினத்தை நோக்கிப் போக வேண்டும்.

மானிட்டர் கேபிள் எதில் செருகப்பட்டிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு பொருத்தியிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மதர்போர்டின் துளையில் இருக்கக் கூடாது. கார்டு இல்லாமல் மதர்போர்டின் துளையை நம்பியிருந்தால், பிராசஸரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடியும் மாடல்களிலும், ஏ.எம்.டி.யின் 7000 வரிசைக்கு முந்தைய டெஸ்க்டாப் ரைசன்களில் 'ஜி' எழுத்து இல்லாதவற்றிலும் அது கிடையாது.

அடுத்தது காத்திருத்தல். டி.டி.ஆர்.5 ரேம் பொருத்திய கணினி முதன்முறை ஓடும்போது, ரேமின் ஒவ்வொரு தடத்துக்கும் உகந்த நேர அளவுகளைப் பயாஸ் தானே கற்றுக்கொள்கிறது. இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். ரேமின் கொள்ளளவு கூடினால் காலமும் கூடும். இடையே கணினி தானே அணைந்து மறுபடி ஓடவும் செய்யலாம். அந்த நேரமெல்லாம் திரை கறுப்பாகவே இருக்கும். பதற்றத்தில் பொத்தானை அழுத்தி அணைத்தால் கற்றல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதினைந்து நிமிடம் தொடாமல் விட்டுவிட்டு, அதன் பிறகு பழுதென்று எண்ணுவதே முறை.

காத்திருக்கும் நேரத்தில் மதர்போர்டின் ஓரத்தைக் கவனிக்கவும். அண்மைக் காலப் போர்டுகள் பலவற்றில் சி.பி.யு. (பிராசஸர்), டிரேம் (ரேம்), வி.ஜி.ஏ. (கிராபிக்ஸ்), பூட் (டிரைவ்) என்று நான்கு சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். நான் மேலே சொன்ன சங்கிலியின் கண்ணிகள்தாம் அவை. ஒவ்வொன்றாக எரிந்து அணைந்து, ஏதேனும் ஒன்றில் நிலைத்து நின்றுவிட்டால், அங்கேதான் சங்கிலி அறுந்திருக்கிறது. விளக்குகள் இல்லாத போர்டில் ஒரு சிறு ஸ்பீக்கரை மாட்டி, 'பீப்' ஒலிகளை எண்ணிக் கையேட்டோடு ஒப்பிடலாம்.

டிரேம் விளக்கு நிலைத்தால் ரேமைக் கழற்றி மாட்ட வேண்டும். நான்கு ஸ்லாட் கொண்ட போர்டில் இரண்டு ரேம்களைப் பொருத்தும்போது, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் பொருத்துவதே பெரும்பாலான போர்டுகளின் முறை. ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும் கிளிப் உள்ள போர்டுகளில் மிகுந்த கவனம் தேவை: கிளிப் உள்ள பக்கம் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் மயிரிழை உயர்ந்து நிற்கும், பார்வைக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கண்ணை ஸ்லாட்டின் மட்டத்துக்குத் தாழ்த்தி, ரேமின் தங்க நிறப் பற்கள் எங்காவது கோடாகத் தெரிகின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால், அந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தவும். இரண்டாவது 'டக்' கேட்கும். அதன் பிறகும் ஓடவில்லையெனில் ஒரே ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றியும், பிறகு அடுத்த ரேமை அதே ஸ்லாட்டில் வைத்தும் பார்த்தால், பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்பது பிரிந்து தெரியும்.

சி.பி.யு. விளக்கு நிலைத்தால் மதர்போர்டின் மேல் மூலையில் உள்ள 8 பின் கேபிள் மாட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். கூலரை மாட்டிய பிறகு கை நுழையாத இடம் என்பதால் மறந்துபோவது இயல்பு. கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிளும் அதே உருவத்தில் இருக்கும், ஆனால் அதில் நேர், எதிர் முனைகள் இடம் மாறியிருக்கும். வலிந்து திணிக்கக் கூடாது. கேபிள் சரியென்றால், பயாஸ் அந்தப் பிராசஸரை அறிந்திருக்கிறதா என்பதை மதர்போர்டு நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியலில் பார்க்க வேண்டும். பிராசஸர் வெளிவருவதற்கு முன்பே உற்பத்தியான போர்டு அதை அடையாளம் காணாமல் போகலாம். சில போர்டுகளில் பிராசஸர் ஓடாமலேயே யு.எஸ்.பி. வழியாகப் பயாஸை மேம்படுத்தும் பொத்தான் உண்டு.

கடைசியாகத்தான் பிராசஸரைக் கழற்ற வேண்டும். ஊசிகள் சாக்கெட்டில் உள்ள வகை என்றால், மேலிருந்து பார்த்தால் எதுவும் புலப்படாது. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். நெற்பயிர் வரிசைபோல எல்லா ஊசிகளும் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே அளவில் மின்னும். வளைந்த ஊசி மட்டும் அந்த மின்னலில் ஓர் இடைவெளியாகத் தெரியும். பிராசஸரின் அடியிலேயே ஊசிகள் உள்ள, ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் வகையில் வேறோர் ஆபத்து இருக்கிறது: கூலரை நேராக இழுத்தால், வெப்பம் கடத்த இடையில் பூசி இறுகிய தெர்மல் பேஸ்ட் பிராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இயன்றால் கணினியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி விடுவித்துக் கழற்ற வேண்டும்.

வி.ஜி.ஏ. விளக்கு நிலைத்தால் கார்டைக் கழற்றி மாட்டி, அதன் மின்கேபிள்களை அழுத்திவிட்டுப் பார்த்தால் போதும். எந்த விளக்கும் வழிகாட்டாதபோது, மின்சாரத்தைத் துண்டித்து, சி.ஆர்.2032 என்ற வட்ட பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்து, பயாஸ் அமைப்புகளை அழித்துப் பார்க்கவும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் தேதியும் நேரமும் பிசகினால் இந்த 3 வோல்ட் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்று பொருள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைகிறது, உறைகிறது, நீலத் திரை வருகிறது

இவை மூன்றும் ஒன்றல்ல. பிளக்கைப் பிடுங்கியதுபோல் சட்டென்று அணைவது பெரும்பாலும் மின்சாரத்தையோ வெப்பத்தையோ சுட்டும். நீலத் திரையும் உறைதலும் ரேம், பிராசஸர், டிரைவர் மென்பொருள் ஆகியவற்றின் பக்கம் கைகாட்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்ற வரியைப் பார்த்தவுடன் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று முடிவுகட்டுவோர் பலர். அந்த வரி, முறையாக மூடப்படாமல் கணினி நின்றுபோனது என்பதை மட்டுமே சொல்கிறது. ஏன் நின்றது என்பதைச் சொல்வதில்லை. அதற்குச் சற்று முன் 'வீயா-லாகர்' என்ற பெயரில் பதிவு இருந்தால், வன்பொருளே தன் பிழையைப் பதிவுசெய்திருக்கிறது என்பதால், அது மதிப்புள்ள தடயம்.

வெப்பத்தை முதலில் விலக்கிவிடலாம், ஏனெனில் அது எளிது. வெப்பநிலை காட்டும் மென்பொருளைத் திறந்துவைத்துச் சுமையேற்றவும். ரைசன் 7000 வரிசைப் பிராசஸர்கள் 95 டிகிரி வரை தொட்டு அங்கேயே நின்று வேலை செய்யும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆகவே எண் உயர்ந்திருப்பது மட்டும் பழுதாகாது. சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்திவிடுவது, நீர்க் கூலரின் பம்ப்புக்கு மின்சாரம் தர மறப்பது ஆகிய இரண்டும் அடிக்கடி காணப்படும் காரணங்கள்.

பிறகு ரேம். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்ற பயாஸ் அமைப்பை இயக்கினால் கிடைக்கக்கூடிய வேகமே தவிர, எந்தப் போர்டிலும் எந்தப் பிராசஸரிலும் உறுதியாகக் கிடைக்கும் வேகம் அன்று. அந்த அமைப்பை அணைத்துச் சில நாட்கள் ஓட்டிப் பார்க்கவும். கோளாறு மறைந்தால், எல்லா ரேமும் நலமாகவே இருந்து, வேகம் மட்டும் மிகையாக இருந்திருக்கலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிய டி.டி.ஆர்.5 கணினிகளில் இது மிகுதி. அணைத்த பிறகும் தொடர்ந்தால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டி, நான்கு சுற்றுகளும் முடியும்வரை இரவு முழுவதும் விட்டுவிடவும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். 'ஒன்றுதானே' என்று விட்டுவிட்டால், சேமிக்கும் கோப்புகள் நமக்குத் தெரியாமலே சிதைந்துகொண்டிருக்கும்.

விளையாட்டின் நடுவில் மட்டும் அணையும் கணினியில், கிராபிக்ஸ் கார்டின் மின்தேவை ஒரு கணத்தில் திடீரென எகிறுவதை எஸ்.எம்.பி.எஸ். தாங்கவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். இரண்டு 8 பின் துளைகள் உள்ள கார்டுக்கு, ஒரே கேபிளின் இரு முனைகளையும் மாட்டாமல் தனித்தனிக் கேபிள்களாக மாட்டிப் பார்க்கவும். 600 வாட் வரை கடத்தும் புதிய 16 பின் கனெக்டர் முழுமையாக உள்ளே போகாவிட்டால் உருகிவிடும். இடைவெளி சிறிதும் தெரியாதபடி அழுத்தி, கேபிளைக் கனெக்டரை ஒட்டியே மடக்காமல் விட வேண்டும். அங்கே பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் அந்தக் கேபிளை மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் வைத்திருப்போர் ஒன்றைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும். அவற்றுள் உயர்திறன் மாடல்கள் மிகை மின்னழுத்தத்தால் காலப்போக்கில் நிலைகுலைவதை 2024இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டு, பிராசஸரின் உள் நிரலான மைக்ரோகோடுக்குத் திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தியோடு விளையாட்டுகள் மூடிக்கொள்வது இதன் அறிகுறிகளுள் ஒன்று. அதை நம்பி நல்ல கிராபிக்ஸ் கார்டை மாற்றிவிடக் கூடாது. பயாஸை மேம்படுத்துவது மேலும் சேதம் வராமல் தடுக்கும். ஏற்கெனவே சேதமடைந்த பிராசஸரைக் குணப்படுத்தாது.

டிரைவ் தெரியவில்லை

பயாஸிலேயே தெரியவில்லையா, விண்டோஸில் மட்டும் தெரியவில்லையா என்று பிரித்துக்கொள்ளவும். விண்டோஸில் மட்டும் என்றால், புதிய டிரைவை இன்னும் பகுதி பிரித்து ஃபார்மேட் செய்யவில்லை என்பதே வழக்கமான காரணம். பயாஸிலும் இல்லையென்றால் கையேட்டைத் திறக்கவும்: கேபிளின்றி நேரே டிரைவைச் செருகும் எம்.2 ஸ்லாட் ஒன்றில் டிரைவைப் பொருத்தினால், கேபிள் வழியே டிரைவை இணைக்கும் குறிப்பிட்ட சாட்டா துளைகள் செயலிழக்கும் போர்டுகள் பல உண்டு. இருந்த டிரைவ் தடுமாறத் தொடங்கினால், டிரைவ் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்க்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிடவும். அப்பதிவில் 199ஆம் வரியான சி.ஆர்.சி. எனப்படும் தரவுப் பரிமாற்றப் பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் குற்றம் பெரும்பாலும் சாட்டா கேபிளுடையது. 5ஆம், 197ஆம் வரிகள் ஏறினால் டிரைவே தேய்ந்துவருகிறது.

சிறு தொல்லைகள்

கம்பியில்லா மவுஸ் திணறினால், அதன் சிறு ரிசீவரை யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து எடுத்து, நீட்டிப்புக் கேபிளில் சற்றுத் தள்ளி வைக்கவும், யு.எஸ்.பி. 3 எழுப்பும் இரைச்சல் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. சுமையில் கிராபிக்ஸ் கார்டிலிருந்து வரும் கீச்சொலி சுருள்களின் அதிர்வு. காதுக்குத் தொல்லை, கார்டுக்குக் கேடில்லை. கருகிய வாடை வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வாடை எந்தப் பாகத்தில் அடர்த்தியாக இருக்கிறது என்று முகர்ந்து அறியவும். அந்தப் பாகத்துக்கு மறுபடி மின்சாரம் தரக் கூடாது.

பழுதான பாகம் இதுதான் என்று தோன்றியபின், அனுப்புவதற்கு முன் அதை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். கருகாத, உருகாத பாகம் என்றால், அதை மறுபடி மாட்டும்போது கோளாறு திரும்ப வருகிறதா, கழற்றும்போது மறைகிறதா என்று இருமுறை பார்க்கவும். நண்பரின் கணினியில் பொருத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. உத்தரவாதக் கோரிக்கையோடு அந்தக் குறிப்புத் தாளின் விவரங்களையும் எழுதி அனுப்பினால், அதே சோதனைகளைத் திரும்பச் செய்யும்படி கேட்கும் கடிதப் போக்குவரத்து குறையும். அனுப்புவது மதர்போர்டு என்றால், சாக்கெட்டின் ஊசிகளை நல்ல வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, வாங்கியபோது அதன் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைப் பொருத்தியே பெட்டியில் வைக்கவும். வழியில் ஓர் ஊசி வளைந்தாலும் உத்தரவாதத்தை மறுத்துவிடுவார்கள்.